நாள் கடந்த இதழ்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய தமிழ் ஏடுகளைத் திரட்டிய வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதழ்களைப் பற்றியதாகும். இந்நாட்டில் தமிழ்ச் சிறுகதையும் கவிதையும் கட்டுரையும் பெரும்பாலும் நாளிதழ்களிலும் வார, திங்கள் இதழ்களிலுமே பிறந்தன. அவற்றுள் நூலுருப் பெற்றவை சிலவே. ஆகவே, ஓர் இதழின் தொகுதி அழியுமாயின் அதனோடு ஒரு தலைமுறையின் எழுத்தும் அழிந்துபடுகின்றது. அவ்விதழ்களைத் திரட்டிக் காத்தோர் யாவர், அவர்கள் எதனைக் காத்தனர், எதனைக் கைவிட்டனர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் துறைக்குச் சற்று அயலான ஓர் எடுத்துக்காட்டை முதற்கண் நோக்குவோம். மேலைநாடுகளில் எந்திரங்களையும் வண்டிகளையும் சிறு மாதிரிகளாகச் செய்து பார்ப்பது நெடுநாளைய பொழுதுபோக்காகும். இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் என்பார் 1898-ஆம் ஆண்டில் 'தி மாடல் எஞ்சினியர்' என்னும் இதழைத் தொடங்கினார். பிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1916-ஆம் ஆண்டு முதல் 'மெக்கானோ மேகசின்' என்னும் இதழை வெளியிட்டது. அமெரிக்காவில் நெகிழித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாதிரி மகிழுந்துகள் 1950-களின் இறுதியில் பரவத் தொடங்கவே, அடுத்த பத்தாண்டில் 'கார் மாடல்', 'மாடல் கார் சயின்ஸ்' முதலிய இதழ்கள் தோன்றின. 1979-இல் 'ஸ்கேல் ஆட்டோ என்தூசியாஸ்ட்' வந்தது. இவை சிறுவரும் பொழுதுபோக்காளரும் படித்த எளிய இதழ்களே. ஆயினும் அவற்றை முதல் இதழ்தொட்டு இறுதி இதழ்வரை தேடித் தொகுத்து வைத்திருப்போர் இன்று பலர் உளர்.

காரணம் எளிது. அவ்விதழ்களில் வரைபடமும் செய்முறையும் இருந்தன. ஒரு வண்டியின் அச்சை எவ்வாறு பொருத்துவது, வண்ணத்தை எவ்வாறு பூசுவது என்று சொல்லும் பக்கம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படும். நம் நாட்டிலும் 1990-களில் தாமியா நிறுவனத்தின் சிறு மின்வண்டிகளைப் பூட்டி ஓட்டி மகிழ்ந்த சிறுவர் பலர். இன்று நடுவயதை எட்டிவிட்ட அவர்களுக்கு இவ்வியல்பு எளிதில் விளங்கும். பயன் உள்ளவரை தாள் வாழ்கின்றது. ஆனால் அப்பயனே தாளுக்குப் பகையாவதும் உண்டு. வரைபடம் வேண்டியவர் அதனை மட்டும் கத்தரித்துக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிடுவார். இவ்விரு உண்மைகளும் தமிழ் இதழ்களுக்கும் பொருந்துவனவாகும்.

வெட்டி எடுத்தலும் விட்டுப்போதலும்

தமிழ்க் குடும்பங்களில் இதழைச் சேர்த்து வைத்தல் என்பது பெரும்பாலும் தொடர்கதையைச் சேர்த்து வைத்தலாகவே இருந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தபோது, அதன் பக்கங்களை வாரந்தோறும் தனியே பிரித்தெடுத்துப் பின்னர்க் கட்டடம் செய்து வைத்த வாசகர் எண்ணற்றோர். தமிழகத்து இதழ்கள் கப்பல்வழி வந்து சேர்ந்த மலாயாவிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. 'பைண்டு புத்தகம்' என்று நம் வீடுகளில் வழங்கிய அத்தொகுதிகள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன.

இதனை நாம் குறைகூற இயலாது. படிப்பதற்காகவே அவர்கள் சேர்த்தனர். எனினும் வரலாற்று மாணவனுக்கு நேர்ந்த இழப்பு பெரிது. தொடர்கதை காப்பாற்றப்பட்டது, அதன் முன்னும் பின்னும் இருந்த ஆசிரியவுரை, வாசகர் மடல், விளம்பரம், விலைக்குறிப்பு, உள்ளூர்ச் செய்தி ஆகியன போயின. தொடர்கதையோ எப்படியும் நூலாக வெளிவந்துவிட்டது. நூலாக வராத பகுதிகளே குப்பைக்குச் சென்றன என்பது வியப்புக்கும் வருத்தத்திற்கும் உரியது. இங்கு எழுதிய உள்ளூர் எழுத்தாளரின் ஒருபக்கக் கதையும் அவ்வாறே சென்றது.

சட்டத்தின் தயவால் பிழைத்தவையும் உள. நீரிணைக் குடியேற்றங்களில் 1886-ஆம் ஆண்டு நூற்பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி அங்கு அச்சானவற்றின் படிகள் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. அதற்கு முற்பட்டதாகக் கூறப்படும் 'சிங்கை வர்த்தமானி' (1875) என்னும் ஏட்டைப் பெயரளவிலேயே நாம் அறிவோம். ஆனால் மகுதூம் சாயபு 1887-இல் தொடங்கி 1890 வரை நடத்திய 'சிங்கை நேசன்' வார ஏட்டை இன்று எவரும் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்வடிவில் படிக்கலாம். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் தோன்றிய இரு ஏடுகளின் ஊழ் இவ்வளவு வேறுபட்டது. விடுதலைக்குப்பின் மலேசியாவிலும் 1966-ஆம் ஆண்டின் நூற்பாதுகாப்புச் சட்டமும், பின்னர் 1986-ஆம் ஆண்டின் நூலகப்பொருள் ஒப்படைப்புச் சட்டமும் வந்தன. இவற்றுக்கு முற்பட்ட நாற்பது ஐம்பது ஆண்டுகளின் தமிழ் ஏடுகளே நமக்குப் பெருங்கவலை தருவனவாகும்.

அக்காலம் வெறுமையானதன்று. கோலாலம்பூரில் 1924 செப்டம்பர் 10-ஆம் நாள் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' ஏட்டைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 1935 சூலை 6-ஆம் நாள் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' பிறந்தது. இந்நாட்டுச் சிறுகதைக்கு நாற்றங்காலாக அமைந்த 'கதை வகுப்பு' 1950-களின் தொடக்கத்தில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரால் தமிழ் நேசனில் நடத்தப்பட்டது. எழுத விரும்பியோர் கதைகளை அனுப்ப, நிறைகுறைகள் ஏட்டிலேயே சுட்டப்பட்டன. கு. அழகிரிசாமி 1952-இல் இந்நாட்டிற்கு வந்து அவ்வேட்டில் பணியாற்றிய காலமும் இதனையடுத்ததே. 1952-இல் தமிழ் முரசு 'மாணவர் மணிமன்றம்' தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடமளித்தது. இவை அனைத்திற்கும் முதற்சான்று ஏட்டுத்தாளே. தமிழ் நேசன் 94 ஆண்டுகள் வாழ்ந்து 2019-இல் நின்றுபோனது என்பதை எண்ணும்போது இக்கவலை மேலும் கூர்மையடைகின்றது.

துறையும் நூலகமும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கப்பெற்றது. அங்குத் தமிழுக்கு இடம் வேண்டும் என்ற போராட்டத்தின் ஒரு பகுதியாகச் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். தமிழ் நூலகம் அமைப்பதற்கான அந்நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் தம்மால் இயன்றதை வழங்கினர். பால்மரம் சீவியவரின் கூலியில் ஒரு பகுதி பல்கலைக்கழக நூலகத்தின் நூலடுக்குகளில் இருக்கின்றது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று. ஆயினும் அந்நிதியின் நோக்கம் நூல்களே. உள்ளூர் ஏடுகளைத் தேடித் திரட்டுதல் அப்போது எவருக்கும் முதற்கடமையாகத் தோன்றவில்லை போலும்.

தனிநாயக அடிகளார் 1961-இல் துறைத்தலைவராகப் பொறுப்பேற்றபின் நிலை மாறியது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்திய அவர், அதே ஆண்டில் தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலையும் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்டார். இதன் தொடர்ச்சியாகவே துறையின் விரிவுரையாளர் இராம. சுப்பையாவின் 'தமிழ் மலேசியானா' 1969-இல் பல்கலைக்கழக நூலக வெளியீடாக வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்ட அந்நூல் அளவில் சிறியது. ஆனால் அதன்பின் இத்துறையில் எழுதிய எவரும் அதனைத் தொடாமல் கடந்ததில்லை எனலாம். திரட்டுபவனுக்குப் பட்டியல் எத்துணை இன்றியமையாதது என்பதை மாதிரி மகிழுந்து இதழ்களைச் சேர்ப்போர் நன்கறிவர். எந்த எண் இதழ் தன்னிடம் இல்லை என்று தெரிந்தவனே அதனைத் தேடுவான். நம்மிடம் இல்லாதவற்றை நமக்கு முதன்முதல் உணர்த்தியது அப்பட்டியலே.

தனிமனிதர் முயற்சிகளுள் முரசு நெடுமாறனின் பணி தலையாயது. கேரித் தீவில் பிறந்த அவர், பழைய ஏடுகளையும் மலர்களையும் தேடி அலைந்து, 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் தொகுத்து 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' எனக் கிள்ளானிலிருந்து 1997-இல் வெளியிட்டார். நிறுவனம் ஒன்று குழு அமைத்துச் செய்யவேண்டியதை ஓர் ஆசிரியர் தம் ஓய்வுப் பொழுதிலும் கைப்பொருளிலும் செய்து முடித்தார். கவிதைக்கு இவ்வாறு ஒரு களஞ்சியம் வாய்த்தது. நாளிதழ்க் கட்டுரைக்கும் வாசகர் மடலுக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

தமிழகத்தில் இதற்கு இணையாகக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைக் கூறலாம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெறச் செய்தது. அவர் நாடகத் துண்டறிக்கையையும் திருமண அழைப்பிதழையும்கூட விலக்கவில்லை. எது பிற்காலத்தில் பயன்படும் என்று தாமே தீர்ப்பு வழங்காதிருந்ததே அவருடைய பெருமை என்பது நம் கருத்து.

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும்

இவ்வாய்வின்பொருட்டு நாம் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் சில வீடுகளுக்குச் சென்றோம். பிரிக்பீல்ட்ஸ் தொடர்வண்டித் துறை ஊழியரும் எழுத்தரும் நெருங்கி வாழ்ந்த இடம். படித்தோர் மிகுந்த இடத்தில் பழைய ஏடுகள் மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். எதிர்பார்ப்பு பொய்த்தது. அரசாங்கக் குடியிருப்பில் வாழ்ந்தோர் ஓய்வுபெற்றதும் வீட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குடிபெயர்ப்பிலும் முதலில் கழிக்கப்பட்டது தாள்மூட்டையே. தெருவில் ஒலிபெருக்கி கட்டிவரும் 'சூராட் காபார் லாமா' வண்டிக்காரரிடம் நிறுத்துப் போட்ட ஏடுகள் எத்தனையோ! பள்ளத்தாக்கிலுள்ள பொதுமன்றம் ஒன்றின் படிப்பகத்திலும் இதே நிலை. அங்கு முப்பதாண்டுத் திங்களிதழ்கள் இருந்தன என்று கேள்வியுற்றுச் சென்றபோது, கட்டடத்திற்கு வண்ணம் பூசிய ஆண்டில் அவை அகற்றப்பட்டதாகக் கூறினர். கூறியவர் வருந்தவில்லை, 'பழைய பேப்பர்தானே' என்றார்.

தோட்டங்களின் கதையும் அதுவே. பேராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாக மாறியது போன்று, சுற்றுவட்டாரத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீட்டின் பரணில் இருந்த தகரப்பெட்டிக்கு அடுக்குமாடி வீட்டில் இடமில்லை.

எஞ்சியவற்றுக்கும் பகைவர் பலர். ஏட்டுத்தாள் அரைத்த மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் ஒளியும் காற்றும் படப்படப் பழுப்பேறும். தாளில் சேர்க்கப்பட்ட படிகாரம் அமிலத்தைத் தோற்றுவித்து இழைகளை ஒடியச் செய்யும். நம் நாட்டு ஈரப்பதமும் வெப்பமும் இதனை விரைவுபடுத்தும். இராமபாணப் பூச்சியும் கறையானும் எஞ்சிய வேலையைச் செய்யும். பலர் நற்கருத்துடன் செய்யும் ஒரு தீங்கையும் இங்குச் சுட்டவேண்டும்: கிழிந்த தாளைப் பளபளக்கும் ஒட்டுநாடாவால் ஒட்டுதல். சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்துவிடும். பசை தாளுக்குள் ஊறி எழுத்தையே மறைத்துவிடும்.

கிள்ளானில் மட்டும் ஒரு வீட்டில் நம் தேடல் பலித்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற பிஸ்கட் டின் ஒன்றையும் கோடிட்ட பயிற்சிப் புத்தகம் ஒன்றையும் நம்முன் வைத்தார். டின்னில் நாளிதழ் நறுக்குகள் நாற்பதுக்குமேல் இருந்தன. யாவும் சிறுகதைகள், யாவும் உள்ளூர் எழுத்தாளருடையவை, பல புனைபெயரில் அமைந்தவை. தந்தையார் கதையை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டியிருந்தார். ஏட்டின் பெயரும் நாளும் இருந்த தலைப்பகுதி எந்த நறுக்கிலும் இல்லை. 'அப்பாவுக்கு எந்தப் பத்திரிகை, எந்த நாள் என்பதெல்லாம் மனப்பாடம். எழுதி வைக்கத் தோணல, ஐயா' என்றார் அவ்வம்மையார்.

நாளறியாத நறுக்கை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டுதல் அரிது. நாம் ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்கத்தை நோக்கினோம். தந்தையார் வேண்டாமென்று கருதிய பக்கம் இப்போது நமக்கு உதவியது. ஒன்றில் 'பராசக்தி' படத்தின் விளம்பரத்தில் பாதி இருந்தது. அப்படம் தமிழகத்தில் 1952 அக்டோபர் 17 அன்று வெளிவந்தமையால் அக்கதை அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. மறுதிரையிடலின் விளம்பரமாயின் இன்னும் பிற்பட்டதாகலாம். மற்றொன்றின் பின்னே இரப்பர் விலைப்பட்டியல் தேதியோடு இருந்தது. இவ்வாறு பதினொரு நறுக்குகளுக்கு ஏறத்தாழ நாள் கணிக்க முடிந்தது. அவற்றுள் மூன்றினைத் தமிழ் முரசின் மின்தொகுப்பில் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தோம். எஞ்சியவை வேறு ஏடுகளில் வந்தவையாதல் வேண்டும்.

பயிற்சிப் புத்தகத்தில் இருந்த கதைகளே மேலும் பழமையானவை என்பதை எழுத்துருவும் நடையும் காட்டின. ஆனால் அவை முழுப்பக்கமும் மைதாப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. நனைத்தால் பசை நெகிழும்; அந்த ஏட்டுத்தாளோ நனைந்தால் தாங்காது. ஒரு மூலையை மட்டும் நகத்தால் மெல்ல நெம்பிப் பார்த்தோம். அடியில் தலைகீழாக 'ஸ்டீமர்' என்னும் சொல்லும் ஒரு சாமானிய எண்ணும் தெரிந்தன. அதற்குமேல் நெம்ப அம்மையார் இசையவில்லை, நமக்கும் துணிவில்லை. பக்கங்களை ஒளிப்படமெடுத்துக்கொண்டு புத்தகத்தை அவரிடமே திருப்பித் தந்தோம்.