டிண்டாலைக் குழப்பிய காய்ந்த புல்

வானம் ஏன் நீலம் என்ற கேள்வி வரும்போதெல்லாம் ஜான் டிண்டால் பெயரும் கூடவே வரும். அதே மனுஷன் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் புல் கஷாயம் காய்ச்சிய கதை எனக்கு இன்னும் பிடிக்கும்.

உயிரில்லாத திரவத்தில் நுண்ணுயிர் தானாகவே தோன்றும் என்று 1870களில் ஹென்றி பாஸ்டியன் என்ற மருத்துவர் வாதாடிக்கொண்டிருந்தார். டிண்டால் மறுத்தார். தூசி படியவிட்ட பெட்டிக்குள் கறிச்சாறு, காய்கறிச்சாறு எல்லாவற்றையும் 5 நிமிஷம் கொதிக்கவிட்டு வைத்தார். மாதக்கணக்கில் கெடவில்லை. வழக்கு முடிந்த மாதிரிதான் இருந்தது.

1876 இலையுதிர் காலத்தில் எல்லாம் தலைகீழ். அதே பெட்டி, அதே 5 நிமிஷம், ஆனால் சாறு கலங்கிப் போச்சு. மணிக்கணக்கில் கொதிக்கவிட்டும் சில குடுவைகள் கெட்டன. பாஸ்டியனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, இல்லையா? ஆய்வகத்துக்குள் கொண்டுவந்த பழைய காய்ந்த புல் மேல் டிண்டாலுக்குச் சந்தேகம் வந்தது. சோதனையைக் கியூ தோட்டத்துக்கு மாற்றினார். அங்கே பழையபடி கொஞ்ச நேரக் கொதியே போதுமானதாக இருந்தது.

புல்லில் ஒளிந்திருந்தது எது என்பதை பிரெஸ்லாவில் ஃபெர்டினாண்ட் கோன் அதே 1876ல் எழுதிவிட்டார்: பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர். அதன் உட்கருவில் தண்ணீர் மிகக் குறைவு; கால்சியமும் டிப்பிகோலினிக் அமிலமும் அடைந்து கிடக்கும்; டிஎன்ஏ மேல் சின்னச் சின்னப் புரதங்கள் போர்வை மாதிரி ஒட்டியிருக்கும். இந்த உள்விவரமெல்லாம் பிற்காலத்தில் தெரிந்தவை.

டிண்டால் 1877ல் கண்டுபிடித்த வழிதான் அழகு. கொஞ்ச நேரம் கொதிக்கவிடு, ஆறவிட்டுக் காத்திரு, மறுபடி கொதிக்கவிடு. சாறு உணவு என்பதால் ஸ்போர்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். முளைத்ததும் கவசம் போய்விடும், அடுத்த கொதியில் செத்துவிடும். மொத்தம் சில நிமிஷச் சூடு, மணிக்கணக்கில் விடாமல் கொதித்தும் ஆகாத வேலையை முடித்தது. நம்ம பாஷையில், அசையாமல் தூங்குற ப்ராசஸை முதலில் எழுப்பிவிட்டுத்தான் கில் பண்ணணும்.

ஒரு ஓட்டையும் உண்டு. வெறும் தண்ணீரிலோ அறுவைக் கத்தியிலோ தின்ன எதுவும் இல்லை. ஸ்போர் எழவே எழாது. அதனால்தான் ஆஸ்பத்திரியில் அழுத்த நீராவி ஆட்டோகிளேவ்: 121 டிகிரி, 15 நிமிஷம். அது சரியாக வேலை செய்ததா என்று பார்க்க, ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் ஸ்போர் உள்ள ஒரு குப்பியையும் உள்ளே வைப்பார்கள். பிறகு அதை வளரவிட்டுப் பார்த்து, உயிர் வந்தால் அந்தச் சுற்றையே நம்ப மாட்டார்கள்.