முதல் கிளைம்பிங் ஷூ வாங்கப் போறீங்களா? வலியைத் தாங்கணும்னு அவசியமில்லை

போல்டரிங் கூடத்துக்கு நாலைந்து முறை போய்வந்ததும் பலருக்கும் வரும் ஆசை, சொந்தமாக ஒரு ஜோடி கிளைம்பிங் ஷூ.

அப்போது கூட ஏறும் யாராவது ஒருவர் சொல்வார்: "2 அளவு சின்னதா எடு. வலிச்சாத்தான் நல்லா ஏற முடியும்."

புதிதாக ஏறுபவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது. ஏன்?

🔸 இறுக்கம் எதற்கு?

சாதாரண விளையாட்டுக் காலணியில் விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கும். சுவரில் உள்ள சிறிய பிடியின் மேல் நிற்கும்போது, கால் அந்த இடைவெளிக்குள் நகரும், காலணி வளையும்.

கிளைம்பிங் ஷூவில் அந்த இடைவெளி இருக்கக்கூடாது. உடல் எடை பெருவிரல் நுனி வழியாகப் பிடிமேல் இறங்க வேண்டும்.

🔸 எவ்வளவு இறுக்கம் போதும்?

- விரல்கள் காலணியின் முனையைத் தொட வேண்டும். லேசாக மடங்கினால் பரவாயில்லை.
- விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், மரத்துப்போனால், சுருக்கென்று வலித்தால் அது சின்ன அளவு.
- குதிகாலில் காற்றுப் புகும் இடைவெளி இருக்கக்கூடாது.

மாலையில் கடைக்குப் போங்க. நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலுறை இல்லாமல் போட்டுப் பாருங்க. ஐந்து பத்து நிமிடம் கழற்றாமல் இருங்க.

எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 40, இன்னொரு நிறுவனத்தில் 41ஆக இருக்கலாம்.

🔸 தட்டையா, வளைந்ததா?

முனை கீழ்நோக்கி வளைந்த காலணிகள், நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும் சுவர்களுக்கானவை. தொடக்கத்தில் தட்டையானதே வசதி. லா ஸ்போர்ட்டிவாவின் டரான்டுலேஸ், ஸ்கார்பாவின் ஒரிஜின் ஆகியவை அந்த வகை.

தட்டை என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. நீண்ட பாறைகளில் மணிக்கணக்கில் ஏறும் அனுபவசாலிகளும் தட்டையானதைத்தான் விரும்புவார்கள்.

🔸 தோலா, செயற்கைத் துணியா?

உள்துணி இல்லாத தோல் காலணி, போடப் போட ஓர் அளவு வரைகூட விரியலாம். செயற்கைப் பொருள் அவ்வளவாக விரியாது. அதனால் செயற்கைக் காலணி கடையிலேயே வசதியாக இருக்க வேண்டும். "போகப் போகச் சரியாயிடும்" என்பது அதற்குப் பொருந்தாது.

🔸 வெல்குரோவா, கயிறா?

போல்டரிங்கில் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே காலணியைக் கழற்றுவோம். அதற்கு வெல்குரோ சுலபம். பாதம் மிகவும் அகலமா, ஒல்லியா? கயிறு இருந்தால் இடத்துக்கு இடம் இறுக்கிக்கொள்ளலாம்.

🔸 ரப்பர் தேய்ந்தால்?

புதியவர்கள் காலைச் சுவரில் உரசி உரசி ஏறுவார்கள். பெருவிரல் பக்கம்தான் முதலில் தேயும். அதனால் அடிப்பாகம் 4 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனாக இருப்பது நல்லது. ஓட்டை விழும்முன் கொடுத்தால் புது ரப்பர் ஒட்டித் தருவார்கள். ஓட்டை விழுந்தபின் செலவு கூடும்.

நம்மூர் வெயிலில் காருக்குள் விட்டுவிட வேண்டாம். சூட்டில் பசை இளகும். ஏறி முடித்ததும் பைக்குள் அடைக்காமல் காற்றில் உலரவிடுங்க, வாடை குறையும்.

🔸 உடனே வாங்கணுமா?

வாரம் ஒருமுறைகூடப் போகாதவர்களுக்கு வாடகைக் காலணியே போதும். காலணியின் விலையை ஒருமுறை வாடகையால் வகுத்துப் பாருங்க. அத்தனை முறை நிச்சயம் போவீங்கன்னா வாங்கலாம்.

🔸 வலித்தால் என்ன நஷ்டம்?

நகத்தில் காயம், பெருவிரல் மூட்டில் வலி ஆகியவை ஒருபக்கம். இன்னொன்றும் உண்டு. கால் வலித்தால் பிடியை நம்பி மிதிக்கத் தயங்குவோம். கை பலத்தில் தொங்குவோம். புதியவர்கள் முதலில் கற்க வேண்டியதோ காலை நம்பி ஏறுவது.

அதற்கு உதவும் காலணிதான் சரியான முதல் காலணி.