ஐந்து நாள் பிந்திய அரங்கம்

முதல் உலகக் கோப்பைக் கால்பந்து 1930 ஜூலை 13 அன்று உருகுவேயின் தலைநகர் மாண்டிவிடியோவில் தொடங்கியபோது, அதற்காகக் கட்டிய அரங்கில் வேலை முடிந்திருக்கவில்லை. மழை கெடுத்துவிட்டது. அன்று பிரான்ஸும் மெக்சிகோவும் பெனியரோல் கிளப்பின் பொசிட்டோஸ் மைதானத்தில் ஆடின. அமெரிக்காவும் பெல்ஜியமும் நசியோனால் கிளப்பின் பார்க்கே சென்ட்ராலில் ஆடின. ஐந்து நாள் கழித்து, பெருவை உருகுவே 1-0 என வென்ற ஆட்டத்தோடு சென்தெனாரியோ திறந்தது. அந்த ஜூலை 18, நாட்டின் முதல் அரசியல் சட்டத்துக்கு நூறு வயது நிறைந்த நாள். அரங்கின் பெயருக்கே 'நூற்றாண்டு' என்றுதான் பொருள். கட்டடக் கலைஞர் ஹுவான் அந்தோனியோ ஸ்காசோ அதை ஊரின் பொதுப் பூங்காவுக்குள் வடிவமைத்தார். 1924இலும் 1928இலும் உருகுவே ஒலிம்பிக் தங்கம் வென்ற கொலோம்ப், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஊர்களின் பெயர்களைப் பார்வையாளர் மாடங்களுக்குச் சூட்டினார்கள். கால்பந்து அந்த ஊரின் மூச்சாகிவிட்ட பிறகே அரங்கம் வந்தது என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி. சென்தெனாரியோ இன்றும் உயிரோடிருப்பதற்கு நான் காணும் முதல் காரணமும் இதுதான்.

இன்றைய உலகக் கோப்பைகளுக்காகக் கட்டும் அரங்கங்களைச் சென்தெனாரியோவோடு ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். அன்று வந்தவை 13 அணிகள்; மொத்தம் 18 ஆட்டங்களும் ஒரே நகரத்தில் நடந்தன. இன்றைய போட்டி பல மடங்கு பெரியது. சென்தெனாரியோவும் அரசின் பெருமைக்காக அவசரமாக எழுந்ததுதானே என்றும் கேட்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் பெருமைக்காகக் கட்டியதெல்லாம் வீணாவதில்லை; போட்டி முடிந்த மறுவாரம் அங்கே யார் ஆடுவார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாதபோதுதான் வீணாகிறது. பிரேசில் 2014 கோப்பைக்காக அமேசான் காட்டு நகரமான மனாவ்ஸில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அமரும் அரங்கைக் கட்டியது. அங்கே நடந்த கோப்பை ஆட்டங்கள் நான்கு. நாட்டின் முதல் டிவிஷனில் ஆடும் கிளப் ஒன்றுகூட அப்போது அந்த ஊரில் இல்லை. அளவு பெரிதானால் புதிதாகக் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 48 அணிகளுக்கான 2026 கோப்பைக்கு வட அமெரிக்கா தேர்ந்தெடுத்த 16 அரங்கங்களும் ஏற்கெனவே இருந்தவை. அவற்றில் மெக்சிகோவின் அஸ்டெக்கா 1966இல் திறந்தது.

சென்தெனாரியோவுக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெரிய அரங்கம் வந்தபின் பெனியரோல் அங்கே குடிபெயர்ந்தது. உலகக் கோப்பையின் முதல் கோல் விழுந்த பொசிட்டோஸ் மைதானம் அழிந்து, தெருவும் வீடுமாகிவிட்டது. 2016இல் பெனியரோலும் சொந்த அரங்கம் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் தேசிய அணி தகுதிச் சுற்றுகளை இன்னும் அங்கே ஆடுகிறது. 2030 கோப்பையின் நூற்றாண்டு ஆட்டம் ஒன்றை ஃபிஃபா மாண்டிவிடியோவுக்கு ஒதுக்கியிருக்கிறது. அது நடக்கவிருப்பதும் ஸ்காசோவின் அதே கான்கிரீட் மாடங்களுக்கு நடுவேதான்.