சப்பாத்து தேய்ந்து சப்பாத்தி ஆன கதை

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், சாலையை விட்டிறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் மணல்மேடுகள் வரும். அடம்பங்கொடி படர்ந்து கிடக்கும். இராவணன் மீசை காலைக் குத்தும். சவுக்குத் தோப்பு முடிகிற ஓரத்தில், பனைகளுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்துக்குப் புதராக நிற்கிறது அந்தச் செடி. மடலின்மேல் மடலை ஒட்டவைத்தது போன்ற உடம்பு. எலுமிச்சை நிறப் பூ. கறுஞ்சிவப்புப் பழம். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் பார்த்தால் அதன் முட்கள் அத்தனையும் பொன்கம்பிகள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் செடியின் பேரைக் கேட்டேன்.

"சப்பாத்திங்க. சப்பாத்திக்கள்ளி. நாகதாளின்னும் சொல்லுவாங்க."

"ஏங்க சப்பாத்தின்னு பேரு?"

"ரொட்டியாட்டம் தட்டையா இருக்குதில்ல, அதான்."

இந்த விளக்கத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறேன். பல ஆண்டுகள் நம்பவும் செய்தேன். இப்போது நம்பவில்லை. நாம் தோசைக்கல்லில் போடுகிற சப்பாத்திக்கும் இந்தச் செடிக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் கள்ளி. இது நம் சொல்தான், அதில் ஐயமில்லை. சங்கப் பாடல்களில் பாலை வழியிலும் சுடுகாட்டிலும் கள்ளி நிற்கிறது. ஆனால் அந்தக் கள்ளி வேறு. கிள்ளினால் பால் வடிகிற சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி இவையெல்லாம் ஒரு குடும்பம். மதுரைப் பக்கத்துக் கள்ளிக்குடி போன்ற ஊர்ப்பெயர்களில் உட்கார்ந்திருப்பதும் இந்தப் பால்கள்ளியாகத்தான் இருக்கவேண்டும். கள் என்ற சொல்லோடு கள்ளியை உறவுபடுத்திச் சொல்வார்கள். மரம் வடிப்பது கள், வடிக்கிற செடி கள்ளி என்று. அது உறுதியோ இல்லையோ, கள்ளி என்றால் பால் என்பது தமிழர் மனத்தில் அழுத்தமாகப் பதிந்த ஒன்று.

சப்பாத்திக்கள்ளியின் மடலை ஒடித்துப் பாருங்கள். பால் வராது, வழவழப்பான பச்சைச் சாறுதான் கசியும். இது முற்றிலும் வேறு குடும்பம். கேக்டஸ் இனங்களில் ஏறத்தாழ எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. இந்தப் பொன்முள்காரியின் தாய்வீடு கரீபியன் தீவுகளும் மெக்சிகோ வளைகுடாக் கரையும். அங்கேயும் உப்புக் காற்றடிக்கிற மணலில்தான் வளர்கிறது. செங்கல்பட்டுக் கடற்கரையில் அது வந்தேறியாகத் தயங்கி நிற்காமல் வீட்டுக்காரியாக நிற்பதற்கு அதுதான் காரணம். கொலம்பஸ் கடல் தாண்டுவதற்கு முன் இந்தச் செடியை நம் பாட்டன்மார் யாரும் கண்டிருக்க வழியில்லை. ஆகவே சங்கப் பாடலில் கள்ளியைப் பார்த்ததும் இந்த மடல்கள் நம் நினைவுக்கு வந்தால், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய காட்சியில் நேற்று வந்த செடியை நட்டுவிடுகிறோம்.

புதிதாக வந்த பொருளுக்குப் பேர் வைக்கத் தமிழில் சில வழிகள் உண்டு. வந்த பேரையே வாங்கிக்கொள்வது ஒன்று: அன்னாசி. பழைய பொருளின் பேரை நீட்டுவது ஒன்று: மிளகு இருந்தது, மிளகாய் ஆயிற்று. எங்கிருந்து வந்ததாக நினைத்தோமோ அந்த ஊரை முன்னால் ஒட்டுவது இன்னொன்று. செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்பார்கள். மல்லாட்டை என்பது அது வாயில் தேய்ந்த வடிவம். ஊர் தெரியாவிட்டால் சீமை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்: சீமைக்கருவேலம். அந்த வழக்கப்படி இது சீமைக்கள்ளி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சப்பாத்தி என்று ஒரு முன்னொட்டு வந்து உட்கார்ந்தது.

அந்த முடிச்சை எனக்கு அவிழ்த்துக் கொடுத்தது ஒரு கோயில் வாசல். திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் நின்றிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம். பாட்டி பேரனிடம், "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா ராசா" என்றார். பையன் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான்.

சப்பாத்து! போர்த்துக்கீசியத்தில் காலணிக்கு சபாத்து என்று பேர். ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, பீப்பாய் எல்லாம் வந்த அதே கப்பலில் தமிழுக்கு வந்த சொல் அது. சாந்தோமில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறிவிட்டார்கள். அங்கிருந்து மாமல்லபுரம் ஒரு நாள் நடை. நம் பக்கத்தில் ஷூ, பூட்ஸ் என்ற ஆங்கிலச் சொற்கள் வந்து சப்பாத்தைத் துரத்திவிட்டன. ஈழத் தமிழில் அது இன்றும் உயிரோடு நடமாடுகிறது. செம்பருத்திக்குச் சப்பாத்துப்பூ என்றும் ஒரு பேர் உண்டு. சிங்களத்திலும் அந்தப் பூ சப்பாத்து மலர்தான். அதன் இதழைத் தேய்த்துத் தோல் காலணிக்குக் கறுப்பு மெருகு ஏற்றுவார்கள் என்பதால் வந்த பேர். இனி, பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால் சப்பாத்துக்கள்ளி என்ற வடிவம் கண்ணில் படும். இகரம் இல்லை, உகரம்.

ஒரு மடலைக் கற்பனையில் தரையில் படுக்கவையுங்கள். நீள்வட்டம், ஒரு முனை குறுகல், மறு முனை அகலம், தடிப்பு. பாதத்தின் அளவு, பாதத்தின் வடிவம். சப்பாத்தியோ வட்டம், மெல்லிசு. உருவத்தில் எது பொருந்துகிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் உருவப் பொருத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லாராய்ச்சி செய்வது மணலில் கட்டிய வீடு. சப்பை, சப்பட்டை என்ற நம் சொற்களும் தட்டையைத்தான் குறிக்கின்றன. அவற்றிலிருந்து வந்ததென்று ஒருவர் வாதிட்டால் உருவம் அவர் பக்கமும் பேசும். எனக்கு உறுதி தந்தது பக்கத்து வீட்டுச் சாட்சி. கன்னடத்தில் இந்தச் செடிக்குப் பேர் பாப்பாசுகள்ளி. பாப்பாசு என்றால் செருப்பு. பாரசீகத்தில் பா என்பது கால், போஷ் என்பது மூடுவது. பாபோஷ் என்று உருதுவில் வழங்கி, கன்னடத்தில் பாப்பாசு ஆனது. தமிழுக்கும் அந்தச் சொல் வந்து கொஞ்சகாலம் இருந்தது. ஆக, எல்லைக்கு இந்தப் பக்கம் சப்பாத்துக்கள்ளி, அந்தப் பக்கம் பாப்பாசுகள்ளி. கடன் வாங்கிய இடம் வேறு. கண்ட காட்சி ஒன்று. கன்னடத்துக்காரர் கண்ணுக்கும் அது காலணியாகத்தான் தெரிந்திருக்கிறது. மலையாளத்தார் மட்டும் காலை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தார்கள்: பலகக்கள்ளி.

என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இன்னொன்று. தமிழுக்குச் செருப்பு என்ற சொந்தச் சொல் உண்டு. ஏன் செருப்புக்கள்ளி ஆகவில்லை? கன்னடமும் தன் சொந்தச் சொல்லைத் தாண்டிப் போய்ப் பாரசீகச் சொல்லை ஏன் எடுத்தது? என் ஊகம் இதுதான். செருப்பு நம் காலில் இருப்பது. சப்பாத்து அந்நியன் காலில் இருப்பது. கப்பலில் வந்த செடிக்குக் கப்பலில் வந்தவன் காலணியின் பேர். சீமைக்கருவேலத்தில் சீமை செய்கிற வேலையைத்தான் இதில் சப்பாத்து செய்கிறது. வடிவத்தையும் சொல்லிவிடுகிறது, நீ வெளியூர் என்பதையும் சொல்லிவிடுகிறது. யாரோ ஒருவர் வெறுங்காலோடு நின்று இந்தப் பேரை வைத்திருக்கிறார். அவர் கண் எவ்வளவு கூர்மை!

பிறகு நடந்தது எளிது. தமிழ்நாட்டுப் பேச்சில் சப்பாத்து மறைந்தது. 1942இல் பர்மா அரிசி நின்றுபோன பிறகு பங்கீட்டுக் கடைகள் வழியே கோதுமை வந்து, சப்பாத்தி தமிழர் அடுப்படிக்குப் பழகியது. பொருள் தெரியாத சொல் ஒன்று, அதே ஒலியில் பொருள் தெரிந்த சொல் ஒன்று. வாய் தானாகவே தெரிந்ததை எடுத்துக்கொண்டது.

நாகதாளிக்கு அதிகம் தேட வேண்டியதில்லை. மடலைப் படமெடுத்த நாகமாகப் பார்த்த பேர் அது. இந்தியில் நாகபனி, பாம்பின் படம், தெலுங்கில் நாகஜெமுடு. ஜெமுடு என்பது தெலுங்கரின் பால்கள்ளி. அவர்களும் பழைய கள்ளியின் பேரைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இரவல் பேர் வைத்ததில் நாம் தனியாக இல்லை. கக்தோஸ் என்று கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதியது சிசிலித் தீவில் விளைந்த, சமைத்துத் தின்கிற ஒரு முட்செடியை. அமெரிக்கச் செடிகள் வந்ததும் அந்தப் பேர் அவற்றுக்குப் போயிற்று. 1753இல் தாவரவியலார் லின்னேயஸ் அதை அதிகாரப்பூர்வமாக்கினார். பேரினப் பெயரான ஒப்புன்டியா கிரேக்கத்தில் ஒப்பூஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. அந்த ஊரருகே இலையிலிருந்தே வேர்விடுகிற செடி ஒன்று உண்டு என்று ரோமானியர் பிளினி குறித்து வைத்தார். கள்ளி மடலும் விழுந்த இடத்தில் வேர்விடும் அல்லவா? ஒப்பூஸ்காரி என்ற பேர் அட்லாண்டிக் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. நம் கடற்கரைச் செடியின் முழுப்பேர் ஒப்புன்டியா டில்லெனி. டில்லெனியஸ் ஆக்ஸ்போர்டில் இருந்த ஜெர்மானியத் தாவரவியலார்; 1732இல் எல்தம் தோட்டத்துச் செடிகளைப் படங்களோடு நூலாக்கியவர். அவர் 1747இல் இறந்தார். 1818இல் கெர் காலர் என்ற ஆங்கிலேயர் இந்தக் கள்ளிக்கு அவர் பேரைச் சூட்டினார். இத்தாலியருக்கோ இவ்வகைச் செடி இந்திய அத்தி. எந்த இந்தியா என்பது கொலம்பஸ் செய்த குழப்பம்.

வந்த பேருக்கு ஈடாக ஒரு பேர் நம்மிடமிருந்தும் போயிருக்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற மலபார்த் தாவர நூலில், கொம்புக்கள்ளியை அதன் மலையாளப் பேராலேயே திருக்கள்ளி என்று எழுதினார் டச்சுக்காரர் வான் ரீட். லின்னேயஸ் அதை அப்படியே எடுத்து யூபோர்பியா திருக்கள்ளி என்றார். உலகத்துத் தாவரத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளில் கள்ளி என்ற சொல் இன்றும் நிற்கிறது, பாலுள்ள செடிக்கே, சரியான இடத்தில்.

மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இந்த மடல் இனத்துக்கு நோப்பல்லி என்று பேர். நோப்பல்லி, கள்ளி என்று ஒலி ஒத்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. அது தற்செயல். ஆனால் நோப்பல் என்ற சொல்லே ஒரு காலத்தில் செங்கல்பட்டு மண்ணுக்கு வந்து இறங்கியது.

நோப்பலில் ஒரு பூச்சி வாழும். நசுக்கினால் இரத்தச் சிவப்புச் சாயம் தரும் கொச்சினில் பூச்சி. ஸ்பெயின் பொத்திப் பாதுகாத்த செல்வம் அது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதை இங்கே வளர்க்க ஆசைப்பட்டார். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். அதற்கு நோப்பல்ரி என்று பேர். சைதாப்பேட்டை பின்னாளில் நெடுங்காலம் செங்கல்பட்டு ஜில்லாவின் தலைமையிடமாக இருந்த ஊர். 1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அது சென்னைக்கும் வந்தது. வந்தது நல்ல சாயப் பூச்சியில்லை, காட்டுப் பூச்சி. சாயம் மட்டம். வணிகம் எழவில்லை. ஆனால் அந்தப் பூச்சி ஒற்றைமுள் கள்ளி என்ற மற்றொரு வந்தேறி இனத்தைச் சாப்பிட்டுத் தீர்த்தது. அதைப் பார்த்துத்தான் 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிக்கவென்றே அந்தப் பூச்சியைப் பரப்பினார்கள். களைச்செடியை அழிக்க வேண்டுமென்றே பூச்சியை ஏவியதில் உலகிலேயே முதல் முயற்சி இதுதான் என்கிறார்கள். அந்தப் பூச்சிக்கு 1896இல் அறிவியல் வைத்த பேர் டாக்டைலோபியஸ் சிலோனிக்கஸ், இலங்கைக்காரன். தென்னமெரிக்கப் பூச்சி! கள்ளியைத் தின்ன வந்ததற்கும் இரவல் ஊர்தான் கிடைத்தது.

ஒற்றைமுள் கள்ளி ஒழிந்த இடங்களில் பொன்முள் கள்ளி பரவியது. அந்தப் பூச்சி இதைத் தொடாது. அப்படியானால் சப்பாத்துக்கள்ளி என்ற பேர் முதலில் ஒற்றைமுள்ளுக்கே வைக்கப்பட்டு, அது செத்த பிறகு இதற்கு இறங்கியிருக்கலாம். மக்கள் வழக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பேர் மட்டும் ஆள் மாறி வாழ்ந்தது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினில் பூச்சி வந்தது. அது பொன்முள்ளைத் தின்றது. வயலோரத்திலும் புறம்போக்கிலும் மதிலாக நின்ற கள்ளி சில ஆண்டுகளில் சரிந்தது.

ஆனாலும் மீந்தது மீந்தது. மணலில் பழத்தைப் புரட்டிச் சுணையைத் தேய்த்தெடுத்து, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாக்குச் சிவக்கத் தின்ற வயது எனக்கும் இருந்தது. மாமல்லபுரத்துப் பெரியவர் தன் கோலால் ஒரு மடலைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. "மாவு விழுந்திருக்குது பாருங்க" என்றார். விரலால் நசுக்கினேன். ஆண்டர்சன் தேடிய சிவப்பு நகக்கண்ணில் ஏறி, வீடு வரும்வரை போகவில்லை.