கம்பியில் கோத்த கறி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு விபரீத முயற்சி நடந்தது. கபாப்! ஒரு பழைய இரும்புச் சட்டி, கொட்டாங்குச்சிக் கரி, கடைவீதியில் வாங்கிய ஆறு கம்பிகள். பையன் விசிற, நான் திருப்ப, முதல் ஈடு வீண். கறி, கரியாகிவிட்டது. புகையைப் பார்த்துப் பதறி மாடியேறி வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் சிரித்துவிட்டார். "ஏனுங் தம்பி, இந்த வடக்கத்திச் சமாசாரமெல்லாம் நமக்கெதுக்குங்க?"

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தானே?

கபாப் என்கிற பெயர் அரபி, பாரசீகம் வழியாக வந்ததுதான். ஷிஷ் கபாபில் வரும் 'ஷிஷ்' துருக்கி மொழியில் கம்பி. சரி, பெயர் வந்தது. பண்டமும் கூடவேதான் வந்ததா? டெல்லி சுல்தான்கள் 1206-ல்தான் வருகிறார்கள். அதற்கு முன்பே, 12-ம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய 'மானசோல்லாச'த்தில், கறியைக் கம்பியில் குத்தித் தணலில் வாட்டும் பக்குவம் இருக்கிறது.

அட, அதெல்லாம் ரொம்பப் பிந்திய கதை. நம் பொருநராற்றுப்படைக்கு வாருங்கள். முடத்தாமக்கண்ணியார் பாடியது. கரிகாலன் என்றதும் நமக்குக் கல்லணைதான் ஞாபகம் வரும். பாடப்புத்தகம் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் அந்தக் கரிகாலன் வாசலுக்கு ஒரு பொருநன் வருகிறான். கந்தல் துணி. அதில் ஈரும் பேனும். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, புதுத்துணி கொடுத்து, அரசன் போட்ட விருந்தில் முக்கிய ஐட்டம் என்ன தெரியுமா? கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறித்துண்டு! கம்பிக்கு அன்றைய பெயர் 'காழ்'.

சூடு ஆறும்வரை பசி பொறுக்குமா? வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்கிறான். ராப்பகலாகத் தின்று, நிலத்தை உழுத கொழு மாதிரி பல்லே மழுங்கிப்போனதாம். கடைசியில் "ஊருக்குப் போகிறேன்" என்று அவனே விடை கேட்கிறான். காலமெல்லாம் பட்டினி கிடந்தவன் ஒருமுறை வயிறாரத் தின்ற கணக்கு இது. நான் படித்தது பி.காம். இதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நம்ம பக்கத்துக் கதை இன்னும் உருக்கம். புறநானூற்றின் 150-வது பாட்டு. பாடியவர் வன்பரணர். நடந்து களைத்து, கந்தலோடு ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மான் வேட்டையாடிய ஒருவன் பார்க்கிறான். காட்டில் வழிதவறிய தன் ஆட்கள் வந்துசேர்வதற்கு முன்பே, அவசர அவசரமாகத் தீக்கடைகோலில் நெருப்பு உண்டாக்கி, கறியைச் சுட்டு, "உங்கள் கூட்டத்தோடு சாப்பிடுங்கள்" என்று கொடுக்கிறான். தின்று, அருவித் தண்ணீர் குடித்துக் கிளம்பும்போது, "காட்டு நாட்டவனிடம் வேறென்ன இருக்கிறது?" என்று கழுத்து ஆரத்தையும் கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறான். ஊர் கேட்டால் சொல்லவில்லை. பேர் கேட்டாலும் சொல்லவில்லை. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் புலவருக்கே தெரிகிறது, அவன் தோட்டிமலைத் தலைவன் நள்ளி என்று. கடையெழு வள்ளல்களில் ஒருவன்! அந்த மலை நீலகிரிப் பக்கம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டையும், 1894-ல் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிட்டால் இதெல்லாம் ஏட்டிலேயே செல்லரித்திருக்கும்.

இரும்புக்கும் இங்கே பஞ்சமில்லை. கோவையைத் தாண்டிப்போகும் அதே நொய்யலின் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை தோண்டியதில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் இதுதான் என்கிறார்கள். அங்கே இல்லாத ஒன்று மிளகாய். அது போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்த சரக்கு. அன்றைக்குக் காரம் என்றால் மிளகுதான்.

ஆகவே இரண்டாவது ஈட்டில் மிளகாய்த்தூளை ஓரங்கட்டினேன். மிளகு, உப்பு, மஞ்சள், தயிர், கறி மெத்தென்று ஆகக் கொஞ்சம் பப்பாளிக்காய் விழுது. துண்டுகளுக்கு நடுவே விரல்கடை இடைவெளி. நெருக்கிக் கோத்தால் உள்ளே வேகாது. முதலில் செய்த தப்பு, சுவாலை அடங்கும் முன்பே வைத்தது. கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை காத்திருக்கவேண்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கம்பியை உடனே நகர்த்துங்கள்.

பெரியவர் அதுவரை திண்டில் உட்கார்ந்து நள்ளி கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு துண்டு கொடுத்தேன். சூடு தாங்காமல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றினார். அப்புறம், "இன்னொரு கம்பி போடுங்க தம்பி" என்றார்.