மிருதங்கத்தின் கருப்பு வட்டம்



ஒலி காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். திருச்சியில் தட்டிய மிருதங்கத்தின் ஓசை காற்றின் வழியே நம் திருப்பனந்தாளுக்கு வருவதென்றால் ஏறத்தாழ நான்கரை நிமிடம் ஆகும். அதற்குள் வழியிலேயே தேய்ந்து மறைந்துவிடும். 1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோது இந்தத் தடை நீங்கியது. ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின் அதிர்வாக மாற்றுகிறது. அதை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் வானொலி அலை சுமந்து வருகிறது. வீட்டுப் பெட்டி அதை மறுபடி காற்றின் அதிர்வாக்குகிறது.

ஆனால் அந்த மிருதங்க நாதம் எப்படிப் பிறக்கிறது? வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் ஒரே சமயத்தில் பல அதிர்வுகள் எழும். அவை ஒன்றுக்கொன்று கணக்கில் சேராதவை. ஆகவே சுருதி தெளிவாக நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கும் கருப்பு வட்டம் அதை மாற்றுகிறது. அந்தக் கனம் அதிர்வுகளை ஒழுங்குபடுத்துவதால், மேல் சுரங்கள் அடிச்சுரத்தின் 2, 3, 4, 5 மடங்காக அமைகின்றன. வீணைத் தந்தியைப் போல ஒரு தோல் பாடுகிறது!

இதை 1920-இல் 'நேச்சர்' இதழில் உலகுக்குச் சொன்னவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், உடன் எழுதியவர் சிவகாளி குமார். ராமன் ஆய்வு செய்த கல்கத்தா அறிவியல் கழகத்தை 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவியபோது, அவருக்குத் தோள் கொடுத்தவர் பெல்ஜியத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு லாஃபோன் அடிகளார். நாம் மகிழலாம்.

இருந்தாலும், ராமன் கணக்கிட்டது ஏற்கெனவே யாரோ காதால் கண்டுபிடித்து வைத்திருந்ததைத்தான். வடித்த சோற்றோடு கிட்டான் கல் பொடியைக் குழைத்து, மெல்லிய பூச்சாக வைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி பூசி... நம் வயல் விளைச்சல்தான் அந்தக் கருப்புக்குள் இருக்கிறது. கட்டைக்குப் பண்ருட்டிப் பலா பேர்போனது. அங்கிருந்து தஞ்சைக்குப் போகும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியேதான் செல்கிறது.

தோலைத் தொட்டதற்காகவே ஒதுக்கப்பட்ட இந்தக் கைவினைஞர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சையில் செபஸ்தியான் என்பவரின் வழிவந்த குடும்பம் தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்தது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் அக்குடும்பத்துப் பர்லாந்தின் கைகள் இருந்தன. மேடையில் பெயர் சொன்னவர்கள் மிகக் குறைவு. நம் ஆலயங்களிலும் இவர்களுக்குத் தனி இருக்கை இருந்த காலம் உண்டு. 2020-இல் டி.எம். கிருஷ்ணா இவர்கள் வரலாற்றை நூலாக எழுதினார். வெளியீட்டுக்கு முதலில் தரப்பட்ட அரங்கு பிறகு மறுக்கப்பட்டது. விழா வேறு இடத்தில் நடந்தது.

விடுதலைப் பயண நூல், சந்திப்புக் கூடாரம் செய்த கைவினைஞனைப் பெட்சலேல் என்று பெயரிட்டு, தந்தை பெயரும் பாட்டன் பெயரும் சேர்த்தே சொல்கிறது.

நம் பங்கிலும் கிளைக் கிராமங்களிலும் மிருதங்கமோ தவிலோ மூட்டிய குடும்பத்தார் இருந்தால், அவர்கள் முன்னோர் பெயர்களைப் பங்குத் தந்தையிடம் எழுதிக் கொடுங்கள். சனவரி 20, புனித செபஸ்தியார் திருநாள் திருப்பலியில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம்.