பந்து யாருடையது?

இன்னைக்கு எபிசோட் பழைய மதுரையோட கோட்டை வாசல்ல ஆரம்பிக்குது.

திருமுருகாற்றுப்படையில நக்கீரர் திருப்பரங்குன்றத்துக்கு வழி சொல்லும்போது மதுரையைத் தாண்டித்தான் போகிறார். அந்த ஊர் வாசலில் போருக்கு அழைக்கிற கொடி உயரத்தில் பறக்கிறது. கூடவே ரெண்டு பொருள் தொங்குது. ஒண்ணு, நூலால் வரிந்து கட்டிய பந்து. இன்னொண்ணு, பாவை, அதாவது பொம்மை. கோட்டை வாசலில் எதுக்கு விளையாட்டுச் சாமான்? பழைய உரை சொல்ற விளக்கம் இதுதான்: எங்களை எதிர்க்க வர்றவங்க ஆம்பளைங்களே இல்ல, பொம்பளைங்க. வந்தா பந்தும் பொம்மையும் வெச்சு விளையாடிட்டுப் போகட்டும்.

சண்டைக்குக் கூப்பிடுற கேலி. ஆனா இந்தக் கேலி புரியணும்னா, பந்து பெண்பிள்ளைகளோட சாமான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கணும். பொம்மை சரி, அதை நாம எதிர்பார்ப்போம். பந்து?

சங்கப் பாட்டில் பந்து பெரும்பாலும் பெண் கையில்தான் இருக்கு. அகநானூற்றில் ஒரு தாய், காதலனோடு போயிட்ட மகளை நினைச்சுப் புலம்பும்போது அவளுக்குப் பிடிச்சதைச் சொல்றா: கிளி, பந்து, கழங்கு. பையன்களுக்கு என்ன? சிறுதேர். பட்டினப்பாலையில் காலில் பொன் தண்டை போட்ட பையன்கள் மூணு சக்கர பொம்மைத் தேரை உருட்டுறாங்க. (வசதியான வீடு, சந்தேகமே இல்ல. அங்க நெல்லைக் கொத்த வர்ற கோழியைத் தங்கக் குழையைக் கழட்டி எறிஞ்சுதான் விரட்டுறாங்க.) பெரும்பாணாற்றுப்படையிலும் தேர் உருட்டிக் களைச்சுப்போறது புதல்வர்கள்தான். பெண்பிள்ளைகள் கோரைப்புல்லில் பாவை செய்றாங்க, மணலில் சின்ன வீடு கட்டுறாங்க, மண்ணைச் சோறா ஆக்குறாங்க. சிற்றில், சிறுசோறுன்னு பேர். நம்ம வீட்டுச் சொப்பு சாமானுக்கு அவ்வளவு வயசு.

இதுல கலித்தொகையில் கபிலர் பாடின ஒரு பாட்டு இருக்கு. நிறைய பேர் வகுப்பில் படிச்சிருப்பீங்க. தெருவுல நாம கட்டின மணல் வீட்டைக் காலால உதைச்சானே, கூந்தல்ல இருந்த மாலையைப் பிச்சானே, பந்தைத் தூக்கிட்டு ஓடினானே, அந்தப் பொல்லாத பய, அவன் ஒருநாள் வீட்டுக்குத் தண்ணி கேட்டு வந்தான்னு ஒருத்தி தோழிகிட்ட சொல்றா. தண்ணி கொடுக்கப் போனா, கையைப் பிடிக்கிறான். இவ கத்துறா. அம்மா ஓடி வர்றாங்க. சட்டுன்னு இவ, 'தண்ணி குடிக்கும்போது விக்கிடுச்சு'ன்னு மாத்திச் சொல்லிக் காப்பாத்துறா. வகுப்பில் எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். அழகான பாட்டு, அதுல மாற்றுக் கருத்து இல்ல. இப்போ படிக்கும்போது எனக்கு முதல் பகுதிதான் உறுத்துது. பெண்பிள்ளை விளையாட்டு கட்டுறது, பையன் விளையாட்டு அதை உடைக்கிறது. உடைச்சவனைக் காட்டிக் கொடுக்காம இருக்கிறதுக்குப் பேர் காதல்.

ஒரு பாட்டுன்னா விட்டுடலாம். பின்னாடி இது இலக்கணமாவே ஆயிடுச்சு. பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகை. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் ஒண்ணு பாடினார். கடவுளையோ அரசனையோ குழந்தையா வெச்சு, பத்துப் பருவமா பிரிச்சுப் பாடுறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி: முதல் ஏழும் ரெண்டு பேருக்கும் பொது. தவழ்றதுக்கும் கை தட்டுறதுக்கும் நிலாவைக் கூப்பிடுறதுக்கும் ஆண், பெண் வித்தியாசம் இல்ல. அதுக்கப்புறம் பாதை பிரியுது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு வழக்கமா அம்மானை, நீராடல், ஊசல்.

ஆண்பால்ல சிற்றில் வருதே, பையன் வீடு கட்டுறானான்னு கேட்காதீங்க. அங்கேயும் கட்டுறது சிறுமிகள்தான். அவன் உடைக்க வர்றான், 'சிற்றிலைச் சிதைக்காதே'ன்னு அவங்க கெஞ்சுறாங்க. அந்தக் கெஞ்சல்தான் அவனோட பருவம்.

17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். மீனாட்சி யாரு? மதுரையில் முடிசூடி, திசையெல்லாம் ஜெயிச்சு, கைலாயம் வரைக்கும் படையெடுத்துப் போனதா கதை சொல்ற அரசி. குமரகுருபரருக்கு அது தெரியாதா, அந்த வீரத்தையும் பாடத்தான் செய்றார். ஆனா பருவம்னு வரும்போது அம்மானை, நீராடல், பொன்னூசல். மீனாட்சிக்கே சிறுதேர் கிடையாது!

மணல் வீடு கட்டினவங்க பக்கத்துல நின்னு முழுசாப் பேசின குரல்னா எனக்கு ஆண்டாள்தான். நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க இதுதான். முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டினோம், உடைக்காதேன்னு கண்ணனைக் கேட்கிறா. வீட்டோட சேர்த்து எங்க மனசையும் உடைக்கப் போறியான்னும் கேட்கிறா. அதுல காதலும் இருக்கு. ஆனா முதல்ல அந்த முதுகு வலி இருக்கு. கட்டினவளுக்குத்தான் அது தெரியும்.

சரி, பந்து என்னாச்சு? ரொம்ப காலம் அது பெண்கள்கிட்டயேதான் இருந்தது. சிலப்பதிகாரத்தில் பெண்கள் பந்தடிச்சுப் பாடுற கந்துகவரி இருக்கு. பெருங்கதையில் பெண்கள் போட்டி போட்டுப் பந்தடிக்கிற காட்சி ஒரு தனிப் பகுதியாவே வருது, ஆயிரக்கணக்கில் அடியை எண்ணுறாங்க. 18ஆம் நூற்றாண்டுத் திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி அறிமுகமான கையோட பந்தடிக்கிறா. வளையல் குலுங்கிற, வியர்க்க வியர்க்க ஆடுற ஆட்டம் அது. யாரும் 'பொண்ணுக்கு எதுக்குப் பந்து'ன்னு கேட்கல.

அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரங்களோட கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் மைதானத்துக்கு வந்தது. பந்து மெதுவா பையன்கள் பக்கம் போனது அதோடதான்னு நான் நினைக்கிறேன். பந்து மாறினா கேலியும் போயிருக்கணும் இல்லையா?

நான் படிச்ச ஸ்கூல்ல பி.டி. பீரியட் வந்தா பாய்ஸுக்கு ஃபுட்பால், கேர்ள்ஸுக்கு ரப்பர் ரிங். ஃபுட்பாலைத் தொட்டா சார் விசிலடிப்பார். நாங்க ஓரமா நின்னு ரிங்கை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டிருப்போம். ஒருநாள் எங்க கிளாஸ் பையன் ஒருத்தன், காலியா இருந்த கோலுக்கு முன்னாடி பந்தை வெளியே அடிச்சுட்டான். மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவன் டீமே கத்தினது: "டேய், நீ போய் கேர்ள்ஸோட ரிங் ஆடுடா!"